பாப்பா ஏறாத கப்பல்

உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள் என்றுதான் உத்திரமேரூர்ப் பக்கம் என்னை இன்றைக்கும் அறிமுகம் செய்கிறார்கள். இப்போது முழங்கால் வலியோடு தெருமுனைக் கடைக்குப் போய்வருவதே எனக்கு ஒரு பெரிய யாத்திரை. ஆனாலும் ஏடன், லண்டன், பனாமா, யோகஹாமா என்று பன்னிரண்டு வயதில் பார்த்தவள் நான். அது பொய்யில்லை. யாராவது அதைச் சொல்லி என்னைப் புகழ்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் தங்கையின் இடது கைதான். அதைப் பற்றி எழுதாமல் கடலைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் காந்தி வழி ஆதாரப் பள்ளித் தலைமை ஆசிரியர். கொஞ்சம் நஞ்சை நிலமும் இருந்தது. விடியற்காலையில் கழனிக்குப் போய் மடை திருப்பிவிட்டு வந்து, காலைக் கழுவியும் கழுவாமலும் பள்ளிக்கூடம் போவார். கணக்கைக் கரும்பலகையில் போடுவது அவருக்குப் பிடிக்காது. பிள்ளைகளை வரப்புக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கயிறு பிடித்து அளக்க வைப்பார். கண்ணால் பார்க்காத படிப்பு கடன் வாங்கின படிப்பு என்பார்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பள்ளிக்கூடம் பார்க்க வந்தார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கல்விச் சங்கத்துக்காரர்கள். அன்றைக்கு நைனா முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு சுற்றளவுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாங்களும் சேற்றில் இறங்கிக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்கள். ஊரே சிரித்தது. ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பத்துப் பதினோரு மாதம் கப்பலில் பல தேசங்களுக்குப் போய் அங்கங்கே உள்ள கிராமத்துப் பள்ளிக்கூடங்களைப் பார்க்க வேண்டும், செலவெல்லாம் சங்கத்துடையது, ஆனால் குடும்பத்தோடு வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு கிராமத்துக் குடும்பம் உலகத்தைப் பார்த்துப் படிப்பதை அவர்கள் பார்க்க ஆசைப்பட்டார்களாம்.

நைனா கடிதத்தை மூன்று முறை படித்துக் காட்டினார். அம்மா முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அதெல்லாம் சரி, மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?"

"மாட்டப் பத்திப் பேசற நேரமாடி இது?"

"ஒரு வருசம் தண்ணி காட்டாம இருந்தா மாடு இன்னா கப்பல்லயா வரும்?"

அம்மா அப்படித்தான். அவளுடைய வாய் எனக்கும் வந்திருக்கிறது என்பார்கள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேண்டிய நேரத்தில் எனக்கு அந்த வாய் வரவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு, தம்பிக்குப் பத்து, கடைக்குட்டிக்கு ஐந்து. அவளைப் பாப்பா என்போம். பாப்பாவுக்குக் கப்பல் என்றால் என்னவென்று தெரியாது. ஏரி நிறைந்திருக்கும்போது மீன்காரர்கள் தெப்பம் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். "கப்பலு நம்ம வூட்ட விடப் பெருசா?" என்று கேட்டாள். நம் தெருவைவிடப் பெரியது என்று தம்பி சொன்னான். "அப்ப அதுல நம்ம மாட்டையும் ஏத்திக்கலாம்" என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு நிமிஷத்தில் எல்லாருடைய பேஜாரையும் தீர்த்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

பாஸ்போர்ட் வந்தது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் எங்கள் மூன்று பேர் பெயரும் ஏறியிருந்தது. மிச்சம் இருந்தது அம்மை குத்திக்கொண்ட சான்று மட்டும்தான். வைசூரி இருந்த காலம் அது. அந்தச் சான்று இல்லாமல் எந்தத் துறைமுகத்திலும் நம் ஊர்க்காரர்களை இறக்கமாட்டார்கள்.

அம்மை குத்துவதைப் பற்றி எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு கட்சி இருந்தது. அம்மை என்றால் அம்மன். அவளாக வந்தால் வரட்டும், வேப்பிலை வைத்து உபசரித்து அனுப்புவோம். நாமாகக் கூப்பிட்டு உடம்புக்குள் ஏற்றலாமா? அதனால் குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விடுவார்கள். பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் அம்மாவும் அப்படித்தான் போனாள். தப்பிக்க முடியாமல் குத்திக்கொண்ட பிள்ளைகளுக்கு வேறு வழி வைத்திருந்தார்கள். குத்துகிறவர் முதுகைத் திருப்பினதும் அந்த இடத்தில் ஈரச் சாம்பலைத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். மருந்து இறங்காது, அம்மனுக்கும் கோபம் வராது.

நைனா இதற்குப் பரம விரோதி. "தொடைக்கிறவ கைய ஒடைப்பேன்" என்று தெருவில் நின்று சத்தம் போடுவார். என்னையும் தம்பியையும் முதல் வகுப்பிலேயே தன் கண்ணெதிரே குத்த வைத்து, புண் ஆறுகிறவரை தண்ணீர் படாமல் காவல் காத்தார். பாப்பா இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. அதனால் அவளுக்கு அதுதான் முதல் தடவை.

கப்பல் புறப்படப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது குத்துகிறவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பல் வைத்த சின்ன வட்டக் கத்தியைத் தோலில் வைத்து ஒரு திருகு திருகுவார். எங்கள் ஐந்து பேருக்கும் குத்திவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அன்றைக்கே குத்தினார். நைனா ஒவ்வொருவர் பெயராகப் படித்துக்கொண்டிருந்தார். குத்திக்கொண்ட பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பின்பக்கக் கிணற்றடிக்கு நழுவினார்கள். அங்கே அவர்களுடைய அம்மாமார் சாம்பலோடு காத்திருந்தார்கள்.

பாப்பா என் இடுப்பில் இருந்தாள். இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எரியுதுக்கா, எரியுதுக்கா" என்று கதறினாள். மற்ற பிள்ளைகளெல்லாம் கழுவிக்கொண்டு சிரித்துக்கொண்டு ஓடினார்கள். அவளுக்கு மட்டும் ஏன் எரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நைனா சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் நைனாவின் பேச்சு காதில் இருந்தது, பாப்பாவின் அழுகை நெஞ்சில் விழுந்தது. கிணற்றடிக்குப் போய்க் கிடந்த சாம்பலை எடுத்துத் தேய்த்து, ஒரு வாளித் தண்ணீர் இறைத்துக் கழுவி, ஊதிவிட்டேன்.

"சில்லுனு கீதுக்கா" என்று பாப்பா சிரித்தாள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் நைனா எங்களை உட்காரவைத்துச் சான்றுப் புத்தகத்தைப் படித்துக் காட்டினார். முன்பே குத்திக்கொண்டவர்களுக்குக் குத்தினவுடனே கையெழுத்து உண்டு. முதல் தடவை குத்திக்கொண்டவர்களை மட்டும் எட்டாம் நாள் டாக்டர் பார்க்க வேண்டும். கொப்புளம் எழும்பியிருந்தால் கையெழுத்து. எழும்பாவிட்டால் மறுபடி குத்தி, மறுபடி எட்டு நாள்.

"எழும்பாட்டி கப்பல்ல ஏத்தமாட்டானா நைனா?" என்று தம்பி கேட்டான்.

"ஏத்தமாட்டான். ஏன் எழும்பாது? நம்ம வூட்ல யாரும் தொடைக்கறவங்க இல்ல."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். அடி விழுந்திருக்கும். ஆனால் மறுநாளே குத்துகிறவரைத் தேடிப் பிடித்து மறுபடி குத்தியிருப்பார்கள், ஒன்பதாம் நாள் கொப்புளத்தைக் காட்டியிருக்கலாம், ஐந்து பேரும் கப்பல் ஏறியிருப்போம். நான் அடிக்குப் பயந்தது பாதி. மீதியைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தண்டனையாக என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காததால் மற்றவர்களைக் கெடுத்தவள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கண் விழித்ததும் பாப்பாவின் கையைத்தான் பார்ப்பேன். என் கையில், தம்பி கையில், அம்மா கையில் எல்லாம் சிவந்து தடித்தது. பாப்பாவின் கை வழுவழுவென்று இருந்தது. பாப்பாவுக்கு அந்தக் கொப்புளத்தின் மேல் அவ்வளவு ஆசை. "கப்பல் புண்ணு" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். தெருவில் போகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டி, "எனக்குக் கப்பல் புண்ணு வந்துச்சா பாருங்க" என்று கேட்பாள். ஒன்றும் இல்லையே என்றால், "நாளைக்கி வரும்" என்பாள்.

எட்டாம் நாள் செங்கல்பட்டில் டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாராவது தொடச்சீங்களா?"

"என் வூட்ல அந்த வேலையே நடக்காதுங்க" என்றார் நைனா. மருந்து வெயிலில் கெட்டுப்போயிருக்கும், குத்தினவர் சரியாக வைத்திருக்கமாட்டார் என்று கோபமாகப் பேசினார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் தரையைத்தான் பார்த்தேன். டாக்டர் மறுபடி குத்தினார். கப்பலுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

நைனா பட்டணத்துக்கு ஓடினார், தந்தி அடித்தார், கப்பல் ஆபீசில் கெஞ்சினார். குழந்தையை அடுத்த கப்பலில் அனுப்பிவைக்கலாம் என்று சங்கத்திலிருந்து பதில் வந்தது. "தனியா அனுப்பறதுக்கு அவ இன்னா பார்சலா?" என்றாள் அம்மா. அப்புறம், "நான் நின்னுடறேன். நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க" என்றாள்.

அதுதான் சரியான முடிவு. நைனாகூட அரை மனதாகத் தலையை ஆட்டிவிட்டார். கெடுத்தது மறுபடி நான்தான். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, நீ வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று தரையில் புரண்டேன். தம்பியும் சேர்ந்துகொண்டான். முன்பின் தெரியாத தேசங்களுக்குத் தாய் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கூரத்திலிருந்து அத்தை வந்தாள். நைனாவுக்கு அக்கா, பிள்ளையில்லாதவள். மாமாவுக்கும் அவளுக்கும் கழனி, மாடு, கிணறு எல்லாம் இருந்தன.

"ரெண்டுக்காக ஒண்ண வுட்டுட்டுப் போ. கண்ணுல வச்சிப் பாத்துக்கறேன். ஒரு வருசம் ஓடிப்பூடும்" என்றாள்.

கூரத்தில் பாப்பாவை விட்டோம். காஞ்சிபுரம் போய்ப் பொரி உருண்டை வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறினோம். அப்படிச் சொல்லச் சொன்னவர் நைனா. பொய் பேசினால் பிரம்பை எடுக்கிற மனிதர். பாப்பா அத்தையின் இடுப்பில் இருந்துகொண்டு, "நாலு உருண்ட" என்று விரலைக் காட்டினாள். போய்விட்டு வருகிறோம் என்றுகூட அம்மா அவளிடம் முறையாகச் சொல்லவில்லை. பஸ் ராஜகுளம் தாண்டினபோது அம்மா புடவையை வாயில் அடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் பின்னால் எனக்குச் சோறு போட்டது. கல்லூரியில் இடம், ஆசிரியை வேலை, பேசக் கூப்பிட்ட கூட்டங்கள் எல்லாம் அதனால் வந்தவை. ஆகையால் அது வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏடனில் ஆடு காகிதம் தின்றதைப் பார்த்தேன். சூயஸ் கால்வாயில் கரை வெகு கிட்டத்தில் இருந்தது, அங்கே ஒட்டகத்தின் மேல் போனவன் எங்களைவிட வேகமாகப் போனான். நைனா ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு பாடம் வைத்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் உலகப் படத்தை விரித்து, நாங்கள் வந்த வழியைப் பென்சிலால் இழுப்பார்.

அம்மா படிப்பில் சேரவில்லை. புளியும் மிளகாய்ப் பொடியும் மொச்சைக்கொட்டையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதைக்கூட எங்களுக்குத்தான் போட்டாள். தளத்தில் ஒரு மூலையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களேம்மா, இங்க கப்பல் நல்லாத்தானே போவுது" என்று தம்பி அவளைச் சீண்டினான். அம்மா சிரித்துவிட்டுக் கையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கை பழையபடி கன்னத்துக்குப் போய்விட்டது.

இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் பார்க்கப் போனோம். நைனா தலைமை ஆசிரியரோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மாவைக் காணோம். தேடிப் போனால், சின்னக் குழந்தைகள் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து வயதுப் பெண் ஒன்றின் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆசிரியை என்னிடம், உன் அம்மாவுக்கு இந்த வயதுக் குழந்தைகள் ரொம்பப் பிடிக்குமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பனாமாவில்தான் அம்மா ஒரு முறை எங்களுக்குப் பாடம் எடுத்தாள். பெரிய கதவுகளை மூடித் தண்ணீரை விட்டுக் கப்பலைத் தூக்குகிறார்கள். நைனா படம் போட்டு விளக்கத் தொடங்குவதற்குள், "இதுல இன்னா கீது? நம்ம ஏரி மதகுதான். மேல் மடைய தொறந்து கீழ் மடைய அடச்சா தண்ணி ஏறாதா?" என்றாள். நைனா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்று ஒரு பொழுது அவர்கள் பழைய அம்மா நைனாவாக இருந்தார்கள்.

பசிபிக் கடலில் ஒரு நாள் காணாமல் போயிற்று. அங்கே ஒரு கோடு இருக்கிறது, மேற்கே போகிற கப்பல் அதைத் தாண்டும்போது நாட்காட்டியில் ஒரு தேதியை விட்டுவிட வேண்டும் என்று நைனா சொன்னார். நாங்கள் செவ்வாய்க்கிழமை படுத்து வியாழக்கிழமை எழுந்தோம். அம்மா அதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்ப பாப்பாவ பாக்க ஒரு நாளு கொறஞ்சிச்சா?"

நைனா சும்மா இருந்திருக்கலாம். அவர் வாத்தியார். அப்படி இல்லை, நாம் இத்தனை நாளாக மணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு வந்தோம், அதைத்தான் இப்போது திருப்பிக் கொடுக்கிறோம், ஊரில் அவளுக்கு எல்லா நாளும் வந்துதான் போயிருக்கும் என்று விளக்கினார். அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

ஊரிலிருந்து கடிதங்கள் சில துறைமுகங்களில் எங்களுக்காகக் காத்திருக்கும். அத்தைக்கு எழுதத் தெரியாது. கூரத்து வாத்தியார் அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுவார். முதல் கடிதத்தில், பாப்பா தினமும் பஸ் வருகிற நேரத்துக்கு ரோட்டுக்கு ஓடுகிறாள், சோறு இறங்கவில்லை என்று இருந்தது. இரண்டாவதில், ராத்திரியில் மட்டும் அம்மாவைக் கேட்கிறாள் என்று இருந்தது. நாலாவது கடிதம் யோகஹாமாவில் கிடைத்தது. "பாப்பா நல்லா கீறா. இப்பல்லாம் அயுவுறதே இல்ல. ஒண்ணும் கவலைப்படாதீங்க." முதல் கடிதத்துக்கு அழுததைவிட அம்மா அந்தக் கடிதத்துக்குத்தான் அதிகம் அழுதாள். நல்ல செய்திக்கு ஏன் அழுகிறாய் என்று நைனா கேட்டார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பதினோராம் மாதம் பட்டணத்தில் இறங்கினோம். பெட்டிகளைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு நேராகக் கூரத்துக்குப் பஸ் ஏறினோம். அம்மா காஞ்சிபுரத்தில் இறங்கி ஓடிப்போய்ப் பொரி உருண்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அத்தை வீட்டு வாசலில் பாவாடை கட்டின ஒரு பெண் கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். வரும்போது கையில் ஒரு சொம்பு இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல் நடந்து வந்து அம்மாவிடம் நீட்டினாள்.

"வாங்க. தண்ணி குடிங்க. அம்மா கழனிக்குப் போயிருக்குது, இப்ப வந்துடும்."

விருந்தாளிக்குச் சொல்ல வேண்டியதை அத்தை அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அம்மா அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் முழுச் சொம்பையும் குடித்தாள்.

பாப்பாவை எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். அத்தை தடுக்கவில்லை. பாப்பாவின் துணியை மடித்துக் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டாள். எங்கள் வீட்டில் பாப்பா யாரோடும் சண்டை போடவில்லை, அடம் பிடிக்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள். தட்டில் போட்ட சோற்றில் பாதியைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். பஸ் வருகிற நேரத்துக்கு ரோட்டுக்குப் போய் நிற்பாள். பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. உடம்பு காய்ந்தது. பதின்மூன்றாம் நாள் அத்தை வந்தாள். பாப்பா பார்த்த பார்வையும் ஓடின ஓட்டமும் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

"நீங்க பெத்தவங்க. உங்க இஷ்டந்தான். சொம்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் அத்தை.

"கொஞ்ச நாள்ல பயகிடுவா" என்றார் நைனா.

அம்மாதான் சொன்னாள். "கூட்டிக்கினு போங்க அண்ணி. வுட்டுட்டுப் போனவளுக்குக் கேக்க வாயில்ல."

நைனாவுக்குக் கோபம் வந்தது. என்ன பேச்சு இது என்று கத்தினார். பாப்பாவின் துணியை அம்மாவே மடித்துக் கொடுத்தாள். ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்றுதான் நைனா அனுப்பினார். அந்த மாதம் முடியவே இல்லை.

பாப்பா அங்கேயே வளர்ந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டாள். கழனியும் மாடும் அவளுக்குப் பிடித்திருந்தன. இரண்டு பிள்ளைகளைப் படிப்புக்காக உலகம் முழுக்கச் சுற்றிக் காட்டினவரின் மூன்றாவது பிள்ளை ஐந்தாம் வகுப்போடு நின்றது. நைனா இதை யாரிடமும் பேசமாட்டார். கூட்டங்களில் பயணத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நானும் தம்பியும்தான் போவோம். அத்தை அம்மா ஆகிவிட்டதால், முறைப்படி நைனா அவளுக்கு மாமா, பெற்ற அம்மா அத்தை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். என்னை மட்டும் அக்கா என்றே கூப்பிட்டாள்.

அறுபதுகளின் கடைசியில் பாப்பாவுக்குக் கூரத்தில் கல்யாணம். வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். காலை முகூர்த்தம். அத்தையும் மாமாவும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். அத்தை சொம்பிலிருந்து தண்ணீரை விட, பெண்ணின் கையும் மாப்பிள்ளையின் கையும் நனைந்தன. நைனா பந்தலில் வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அம்மா கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தாள். தாரை வார்க்கிறபோது மெல்ல நழுவிப் பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

கல்யாணச் சமையலுக்கு மூட்டின கோட்டை அடுப்புகளுக்கு அந்தப் பக்கம், கழுவின வாழை இலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். ஆசிரியை வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. உண்மை பேச வேண்டும் என்று தினமும் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீ இன்னாத்துக்கு அயுவுற?"

"அம்மா, பாப்பாவுக்கு அம்ம குத்தினாங்களே, அத நான்தான் தொடச்சிட்டேன். நைனா அடிப்பாருன்னு சொல்லல. அதனாலதான் எல்லாம்."

அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"எப்ப தொடச்ச?"

"குத்தின ஒடனே. பள்ளிக்கூடத்துக் கெணத்தாண்ட. சாம்பல் போட்டு."

"வூட்டுக்கு வர்றதுக்கு முன்னியேவா?"

"ஆமாம்மா."

அம்மா வாழை இலை ஒன்றை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"நான் தொடச்சேன்டி. அன்னிக்கிச் சாயங்காலம் அவள குளிப்பாட்டும்போது. எலுமிச்சம்பயத்த தேச்சித் தேச்சி. உங்க நைனா அந்தப் புக்க எடுத்துப் படிச்சது அதுக்கப்பறம்தான். என்னாலதான் கொயந்த கப்பல் ஏறல, நானே கெடுத்துக்கினேன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு கீறேன்."

நான் ஏற்கெனவே சாம்பல் போட்டுக் கழுவிவிட்ட கையைத்தான் அம்மா துடைத்திருக்கிறாள். அவள் தேய்த்தபோது அங்கே அழிக்க ஒன்றுமே மிச்சம் இருந்திருக்காது. அவள் செய்யாத தப்பு அது. செங்கல்பட்டில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணி வந்து நின்னாளே, அன்னிக்கி எம்புள்ளைய குடுக்கமாட்டேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சி. நம்ம பண்ண தப்புக்கு நம்மளே எப்பிடிக் கேக்கறதுன்னு முழுங்கிட்டேன்." அம்மா கோபப்படவில்லை. அலுத்துப்போன குரலில் பேசினாள். "ஏன்டி, இத இன்னிக்கா சொல்ற? அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, நான் பாப்பாவ வுட்டுருக்கவே மாட்டேனே."

உள்ளே, கெட்டிமேளம் என்று யாரோ கத்தினார்கள். மேளமும் நாயனமும் ஒரேயடியாக எழும்பின. அம்மா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசல் தட்டிலிருந்து ஒரு பிடி அட்சதையை அள்ளிக்கொண்டு பந்தலுக்குள் ஓடினாள். முன்னால் அத்தை வீட்டுச் சனம் அடைத்துக்கொண்டு நின்றது. யாரும் வழி விடவில்லை, விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அம்மா குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்து வீசினாள். அவள் போட்ட அட்சதை மணவறைவரைக்கும் போகவில்லை. முன்னால் நின்றவர்கள் தலையில் விழுந்தது.